பூட்டுக்காரர் தலை ஆட்டக் கூடாது

ஊரில் பாதி வீடுகளுக்குப் பூட்டுப் போட்டவர் அவர். தன் வீட்டுக் கதவைத்தான் அவரால் நம்ப முடியாது. காலையில் மனைவி பூட்டுவாள். தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பி ஓடுவார், இழுத்துப் பார்ப்பார், வருவார், மறுபடியும் ஓடுவார். அதற்குள் பேருந்து போயிருக்கும்.

"உங்களுக்குப் பூட்டு மேல சந்தேகம் இல்ல. என் மேலதான்," என்பாள் மனைவி.

இல்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய்தான் வலித்தது. அதனால்தான் மூளை ஆய்வுக்குப் பெயர் கொடுத்தார். செய்ததையே திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைக்கும் ஓ.சி.டி. நோய் உள்ளவர்களின் தலைக்குள் எந்தச் சுற்று ஓயாமல் ஓடுகிறது என்று பார்க்கும் ஆய்வு. படத்தைப் பார்த்தாலாவது நம்புவாள் இல்லையா?

படம்தான் விழ மாட்டேன் என்றது. ஸ்கேனருக்குள் அவர் வீட்டுக் கதவின் புகைப்படத்தைக் காட்டுவார்கள். போய் இழுத்துப் பார்க்கத் தோன்றினால் பொத்தானை அழுத்த வேண்டும், தலை அசையக் கூடாது. இரண்டு முறையும் கதவைக் கண்டதும் கழுத்து எட்டிப் பார்த்துவிட்டது. படம் கலங்கிப் போயிற்று.

"அண்ணா, இன்னைக்கும் ஆடினா உங்க பேரை எடுத்துடுவாங்க," என்றாள் ஆய்வு மாணவி.

"கழுத்துல சிமென்ட் பூசிடும்மா."

"மூளையில ஏற்கெனவே பூசித்தான் இருக்கு," என்றாள் மனைவி.

உள்ளே இரும்பு ஆகாது. சாவிக்கொத்து, பெல்ட் எல்லாவற்றையும் வெளியே லாக்கரில் வைத்தார். மனைவி குறுக்கே வந்தாள்.

"நகருங்க. நான் பூட்டுறேன்."

படுக்கை மெல்ல உள்ளே போனது. தகரக் கூரையில் கல்மழை பெய்வதுபோல் இயந்திரம் தடதடத்தது. திரையில் கதவு. லாக்கரைப் பூட்டினாளா? அழுத்தினார். மறுபடி கதவு. அழுத்தினார். கட்டைவிரல் மட்டும்தான் ஓடியது.

இடைவேளையில் ஒலிபெருக்கியில் மனைவி: "உயிரோட இருக்கீங்களா?"

"லாக்கர்..." என்று ஆரம்பித்தவர் விழுங்கிக்கொண்டார். "இருக்கேன்."

கணினி படத்தைத் தயார் செய்து முடித்ததும் மாணவி இருவரையும் அழைத்தாள். நெற்றிக்குப் பின்னாலும் மூளையின் ஆழத்திலும் ஆரஞ்சுத் திட்டுகள்.

"இங்கிருந்து செய்தி உள்ள போகுது அக்கா. 'முடிஞ்சுது, விடு'ன்னு பதில் வரணும். வராம அதே செய்தி திரும்பத் திரும்பச் சுத்துதுன்னு நினைக்கிறோம். ஒருத்தர் படத்தை மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கதவு வந்தப்பல்லாம் இப்படித்தான்."

"பூட்டு விழுது, கிளிக்தான் கேட்கல," என்றார் பூட்டுக்காரர்.

மனைவி திரையை நெருங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு எரியுதா? அப்புறம் எப்படிங்க தலை ஆடல?"

"நீதானே பூட்டின."

அவள் திரையிலிருந்து திரும்பினாள். அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

வெளியே வந்தார்கள். லாக்கரின் கதவு லேசாகத் திறந்திருந்தது. சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள்.

"இதைப் படம் கிடம் எடுக்கல இல்ல?" என்றாள் அவள்.

பூட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் தலை என்ன, தோளே ஆடியது.