மழை போட்ட முகம்

"அது உங்கப்பா இல்லட்டி. யாரோ ஆளு. நான் வரல."

முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே ஞானம்பாள் சொன்னாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. இந்தக் கீரையை யார் சமைக்க, யார் தின்ன? மகள் மதுமதி அதைக் கேட்கவில்லை. அம்மாவின் கைக்கு ஏதோ ஒரு வேலை வேண்டியிருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. வாசலில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. குளிப்பாட்டுவதற்கு நீர்மாலை எடுக்க அண்ணன் காந்திமதிநாதனும் சொந்தக்காரர்களும் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வந்ததும் குளிப்பாட்டு, பிறகு வாய்க்கரிசி, அப்புறம் தூக்கிவிடுவார்கள். அதற்குள் அம்மாவைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசு முழுக்கக் கூட இருந்தவளுக்குக் கடைசியாக ஒரு பார்வைகூடக் கிடைக்காது. 'யாரையோ கொண்டுபோய் எரிச்சிட்டு வந்திருக்கீய, அவிய எங்க?' என்று சாகும்வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"பாவம், புத்தி பேதலிச்சிட்டு" என்று பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுத்தாள். பேதலிப்பாவது ஒன்றாவது! நேற்றுச் சாயங்காலம் சாய்வு நாற்காலியில் அப்பா குமரகுருபரன் பேச்சு மூச்சில்லாமல் கிடந்ததை முதலில் பார்த்தவளே ஞானம்பாள்தான். டாக்டரைக் கூப்பிட்டதும், தாடையைக் கட்டியதும், பிள்ளைகளுக்குப் போன் போட்டதும் அவள்தான். காலையில் பெட்டியருகே வந்து குனிந்தவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். "இது யாரு?" என்றாள். அதோடு அடுக்களைக்குள் போனவள்தான்.

கொடுமை என்னவென்றால், மதுமதிக்கும் அப்படித்தான் தோன்றியது. விடிந்ததும் நாவிதர் வந்து நரைத்த தாடியை மழுங்க வழித்துவிட்டிருந்தார். குளிரில் முகம் லேசாக உப்பி, கண்ணோரச் சுருக்கம், வாயோரக் கோடு, கன்னக்குழி எல்லாம் தூர்ந்துபோயிருந்தன. "கல்யாண மாப்ள கெணக்கால்லா இருக்காவ" என்று துட்டி கேட்க வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் கல்யாண போட்டோவில் இருப்பவரும் இவர் இல்லை. அது இன்னும் யாருமே குடிவராத முகம். பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போதெல்லாம், அது கண்ணைத் திறந்து 'நீ யாரு?' என்று கேட்டுவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பெற்ற தகப்பனைப் பார்த்துப் பயம்! வெட்கமாகவும் இருந்தது.

தெருமுனையில் சங்குச் சத்தம் கேட்டது. நீர்மாலை வந்துவிட்டது.

"எம்மா, ஒரே ஒரு தடவ வாங்கம்மா. கெஞ்சிக் கேக்கேன்."

"சோலியப் பாருட்டி. அவிய வரட்டும், வாரேன்."

இன்னும் எவ்வளவோ கெஞ்சியும் ஞானம்பாள் அசையவில்லை. மதுமதி எழுந்து கூடத்துக்கு வந்தாள். பெட்டியிலிருந்து எடுத்து, பெஞ்சில் கிடத்தி, ஆற்றுத்தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா சிவசண்முகம் அதட்டிக்கொண்டிருந்தார்.

"ஏல, பைய ஊத்துங்கல. திருநீறு எங்க? இந்தா, நானே எடுத்து வச்சிருக்கம்லா. சாமி ரூமு சாத்திக் கெடக்கு, உள்ள போவக்கூடாது. நல்லவேள, அண்ணன் ரூம்ல ஒரு மரவ நெறய இருந்திச்சு."

அப்பாவின் அந்த மரக்கிண்ணமா? மதுமதி பின்னறைக்கு ஓடினாள்.

பின்னறையில் ஓர் ஊர் இருந்தது. மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கட்டில் அகலப் பலகை ஒன்றின் மேல் அப்பா கட்டிய ஊர். மீட்டர்கேஜ் காலத்து அம்பாசமுத்திரம் ஸ்டேஷன், கூட்ஸ் ஷெட், தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் தீப்பெட்டி அளவில் ஓட்டு வீடுகள். விரல் நீள ரயில் ஒன்றும் உண்டு. ஆனால் ரயிலை ஓட்டியதைவிட வீடு கட்டியதுதான் அதிகம், கட்டியதைவிட அதைப் பழசாக்கியது இன்னும் அதிகம். அட்டையை வெட்டி ஒட்டி வெள்ளையடித்து முடித்ததும், "புதுசாக் கெடக்கு. ஒரு பய நம்ப மாட்டான். மழ போடணும்" என்பார். செங்கல் பொடி, கரித்தூள், பழைய ஆணியில் சுரண்டிய துரு எல்லாவற்றையும் திருநீற்றில் கலந்து வேட்டித்துணியில் சலித்து அந்த மரவையில் வைத்திருப்பார். அதைத் தண்ணீரில் குழைத்து வீட்டின் மேல் ஒழுகவிடுவார். தண்ணீர் வடிந்துவிடும். தூள் விரிசலிலும் ஓட்டு இடுக்கிலும் ஜன்னலுக்குக் கீழேயும் தங்கிக் காயும். காய்ந்ததும் அந்த வீட்டில் நாலு தலைமுறை பிறந்து செத்திருக்கும். திருநீற்றை இப்படிப் பாழாக்குகிறாரே என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "இதுவும் பூசுததுதான ஞானம்" என்று அவர் சிரிப்பார்.

அந்த ஊரில் ஆட்கள் மட்டும் கிடையாது. ஏன் என்று மதுமதி ஒருமுறை கேட்டிருக்கிறாள். "ஆளு வச்சா அது அசையலன்னு தெரிஞ்சு போவும்மா. இல்லன்னாத்தான், இப்பத்தான் எல்லாரும் வீட்டுக்குள்ள போனாவன்னு இருக்கும்." அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. இன்றைக்கு அந்தச் சின்னச் சின்னக் கதவுகளைப் பார்க்க முடியவில்லை. வழக்கமாக மரவை இருக்கும் இடத்தில் தூசிக்கு நடுவே வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது காரியம் கைமீறிவிட்டது. சித்தப்பா மரவையில் நீர்மாலைத் தண்ணீரை விட்டு, அடிவரைக்கும் கையை விட்டுக் குழைத்து, நெற்றி, கன்னம், மார்பு, தோள் என்று அள்ளி அள்ளிப் பூசிக்கொண்டிருந்தார். தானும் பூசிக்கொண்டார். "எல்லாரும் இட்டுக்கிடுங்க" என்று மரவையை நீட்டினார். அண்ணன் பூசிக்கொண்டான். சுற்றி நின்றவர்களும் தொட்டு இழுத்துக்கொண்டார்கள்.

சொல்லலாமா? சொன்னால் சித்தப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். செங்கல் பொடியையும் துருவையும் பூசியா ஒரு மனுஷனை அனுப்புவது? ஊர் கூடி நிற்கிறது. அம்மா காதில் விழுந்தால் அதோடு முடிந்தது. சத்தமில்லாமல் துடைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் நல்ல திருநீறு வாங்கிப் பூசிவிடலாம். மதுமதி ஒரு துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு, ஈரத்தலையைத் துவட்டுகிறவள்போல அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தலைமுடியிலிருந்து வடிந்த தண்ணீர் நெற்றியை நனைத்துக் கீழே இறங்கியது. இறங்கிய இடமெல்லாம் சாம்பல் வெளுத்துக் காய, துரு மட்டும் தங்கியது. இடது கண்ணோரத்தில் மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தது. அவள் கை நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் இன்னொன்று வந்தது. வாயின் இரண்டு ஓரத்திலும் கோடுகள் இறங்கின. மூக்கின் மேல் மூக்குக்கண்ணாடி அழுத்திய பள்ளம் கறுத்தது. கன்னக்குழியில் நிழல் விழுந்தது. யாரும் வரையவில்லை, யாரும் தொடவில்லை. உள்ளேயிருந்து ஒருவர் பைய நடந்து வருவதுபோல அந்த முகம் வந்துகொண்டே இருந்தது. மதுமதி துண்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம்மா" என்றாள். சத்தம் வரவில்லை.

ஆனால் ஞானம்பாள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. விரலிடுக்கில் கீரைக்காம்பு ஒட்டியிருந்தது. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. நேராக வந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். காலையில் போலப் பின்னால் நகரவில்லை.

"வந்துட்டீயளா" என்றாள். பிறகு குரல் உடைந்து, எப்போதும் அவரைத் திட்டுகிற தோரணையில், "எங்க போயிருந்தீய இவ்வளவு நேரம்? காலைல இருந்து இங்கன எவனோல்லா படுத்துக் கெடந்தான்!"

மதுமதி ஈரத்துண்டைத் தன் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள்.

"மதினி, நேரமாவுது" என்று சிவசண்முகம் வாய்க்கரிசித் தட்டை நீட்டினார். ஞானம்பாள் அள்ளிக்கொண்டாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. சித்தப்பாவின் நெற்றியிலிருந்து செம்பழுப்பாக ஒரு கோடு வியர்வையோடு இறங்கி, புருவத்தைத் தாண்டி, கன்னத்தில் வந்து நின்றது. அவருக்கு அது தெரியவில்லை.