ஒரு குறையும் இல்லாத படிப்பு

பழைய கார் வாங்கி விற்கிற மனுஷனுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படும். நம்ம புரோக்கரும் அப்படித்தான். மகள் பிறந்து கையில் கொடுத்தபோதே, "காது கொஞ்சம் பெருசா இருக்கே" என்றார். சொல்லிவிட்டு, அன்று முழுக்கக் குழந்தையைக் கீழே விடவில்லை.

தொழில் பழக்கம் அது. வண்டி பிடித்துவிட்டால் பாராட்டவே மாட்டார். டயர் மொட்டை, கதவு ஒட்டுவேலை என்று குறையாக அடுக்குவார். "வேண்டாங்க" என்று நாலு எட்டு நடப்பார். பின்னாலிருந்து கூப்பிடுவார்கள், விலை இறங்கும். "அருமையான வண்டிங்க" என்று வாயாரப் புகழ்கிறவன் வாங்கமாட்டான், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன் என்பதும் அவருக்கு அத்துப்படி.

மகள் இப்போது மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இடமும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

புரோக்கர் படிப்பையும் சுற்றிவந்து பார்த்தார்.

"விலை ஆறு லட்சம். ஹாஸ்டல், சாப்பாடுன்னு பராமரிப்பு நாலு. பத்து லட்சத்தைப் போட்டு நாலு வருஷம் ஷெட்ல நிறுத்தணும். அப்புறம் மாசம் இருபதாயிரம் வரும். வாடகை, சாப்பாடு போக எட்டாயிரம் மிஞ்சினா அதிகம். போட்ட முதல் திரும்பவே பத்து வருஷத்துக்கு மேல ஆகும்மா!"

"சம்பளம் ஏறும்பா."

"விக்கிறவன் எவன் இறங்கும்னு சொல்லுவான்?"

ஏற்கெனவே ஓடின வண்டி ஒன்றைப் பார்க்காமல் முடிவெடுக்கக்கூடாதே. மனைவியின் தம்பி பதினைந்து வருஷமாக இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவரை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, ஒரு சுற்றுச் சுற்றினார்.

"முன்னாடி முடி கொட்டிப்போச்சு. கண்ணுக்குக் கீழ கருப்பு. ராப்பகலா அடிச்சு ஓட்டியிருக்காங்க உங்களை."

"மாமா, நான் சொந்த வீடு வாங்கியிருக்கேன்."

"லோன்லதானே?"

மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். சமையலறையில் மனைவி சிரித்துக்கொண்டாள். இத்தனை குறை சொன்னால் இந்த மனுஷன் வாங்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும். மகளுக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், கல்லூரியில் பணம் கட்டுகிற கவுன்ட்டர். சட்டைப் பையில் வங்கிக் காசோலை தயாராக இருக்க, அதை வெளியே எடுக்காமலே புரோக்கர் ஆரம்பித்தார்.

"நாலு வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டினா எவ்வளவு குறைப்பீங்க?"

கவுன்ட்டர் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது காலேஜ் சார்."

"சுவத்துல விரிசல். லேப்ல இருக்கிற மெஷினுக்கெல்லாம் என் வயசு. இதுக்கு இந்த விலையா? வேண்டாங்க."

திரும்பி நடந்தார். நாலு எட்டு. கொஞ்சம் மெதுவாக இன்னும் ஒன்று.

"அடுத்தவங்க வாங்க" என்றார் அந்த அம்மா.

பாவம், இத்தனை வருஷத் தொழிலில் யாரும் அவரை இப்படிக் கூப்பிடாமல் விட்டதில்லை. சரி, கௌரவத்துக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வரிசைக்குப் போகலாம் என்று நினைத்தபோது, மகள் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு.

"பரவால்லப்பா. வீட்டுக்குப் பக்கத்து காலேஜ்ல பி.காம் சேர்ந்துக்கிறேன். அருமையான படிப்பு. ஃபீஸ் கம்மி, மூணே வருஷம், நடந்தே போயிட்டு வரலாம்."

புரோக்கர் மகளை உற்றுப் பார்த்தார். ஒரு குறைகூடச் சொல்லவில்லையே!

"அங்க கேன்டீன்கூட இல்லையாமே?" என்று போட்டுப் பார்த்தார்.

"வீட்டுச் சாப்பாடுதான்பா நல்லது."

"இந்தக் காலேஜ் எப்படி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இது என்ன காலேஜ்? ஹாஸ்டல்ல ஒரே கொசு. பஸ் ஸ்டாப் எங்கேயோ இருக்கு. லேப்ல வெளிச்சமே பத்தல, அந்தப் பெரிய லேத் மெஷினுக்குக் கைப்பிடி வேற ஆடுது..." துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு தடவை வந்து பார்த்தபோது, கைப்பிடி ஆடுவது வரைக்கும் பார்த்து வைத்திருக்கிறாள். தன் வாயை நினைத்து அவருக்கே வெட்கமாகிவிட்டது. ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

"என்ன சார், இன்னும் குறைக்கணுமா?" என்றார் கவுன்ட்டர் அம்மா.

"வேண்டாம்மா. நீங்க சொன்ன விலையே இருக்கட்டும்."

காசோலை உள்ளே போனது. ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் அவர் பணம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது காரில் மகள் ரசீதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டாள். "முதல் திரும்பப் பத்து வருஷம் ஆகுமேப்பா?"

புரோக்கர் சிக்னலில் வண்டியை நிறுத்தி, அவளை ஒரு தடவை நன்றாகத் திரும்பிப் பார்த்தார்.

"உன் காது இன்னும் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கு" என்றார்.