பணிய லயத்துக்குப் போகாத தேர்

"மத்திய மாகாணத்தின் சில இடங்களில் மழை பெய்யலாம்" என்று வானொலியில் கேட்கும்போதெல்லாம் பிரேமினிக்குச் சிரிப்பு வரும். அறிவிப்பில் பிழை ஒன்றும் இல்லை. கொழும்பில் உட்கார்ந்துகொண்டு ஒரு மாகாணத்துக்கே பேசுகிறவர்கள் வேறெப்படித்தான் சொல்வார்கள்? ஆனால் நோர்வூட்டிலிருந்து நாலு மைல் ஏறினால் வரும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மேலே இருக்கும் மேட்டு லயத்தில் வெயில் காயும்போதே கீழே பணிய லயத்தில் குடை பிடிப்பார்கள். இரண்டுக்கும் நடுவே அரை மைல்கூட இல்லை. அந்தச் சில இடங்கள் எந்த இடங்கள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் தான்தான் என்று பிரேமினி ஆறு வருடத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

தோட்டத்து ஆபீசில் அவளுக்குக் கிளார்க் வேலை. காலை எட்டரைக்கு மழைமானியில் விழுந்த தண்ணீரை அளந்து பலகையில் எழுதுவதும் அந்த வேலையோடு வந்தது. அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் அளந்தார்கள், எழுதினார்கள், மறந்தார்கள். இவளோ தனிக் குறிப்புக் கொப்பி ஒன்று போட்டாள். மேகம் எந்தப் பக்கமிருந்து ஏறியது, எத்தனை மணிக்கு, விழுந்தது தூறலா, சாரலா, அடைமழையா, எல்லாம் அதில் ஏறின. பிறகு தினமும் விடிகாலையில், ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன், அவள் பதிந்து அனுப்பும் குரல் எல்லோருடைய போனிலும் கேட்க ஆரம்பித்தது.

"மேட்டு லயத்துக்காரங்க மழைக்குப் படங்கு கட்டிக்கிட்டுப் போங்க, பதினொரு மணிக்குச் சாரல் அடிக்கும். பணிய லயத்துல தூறல்தான். துணி காயப்போடலாம், ரெண்டு மணிக்கு எடுத்துருங்க."

பத்துக்கு எட்டு சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஊர் எட்டை எங்கே நினைவில் வைக்கிறது? ஒரு தடவை யார் தலையும் நனையாத இரவுக்குப் பதினொரு மில்லிமீற்றர் மழை என்று பலகையில் எழுதிவிட்டாள். ராக்காவல் பார்க்கும் அழகன், குடித்து மிஞ்சிய தேத்தண்ணியைப் புல்லில் ஊற்றக் கூடாது என்று மழைமானியின் புனலில் ஊற்றியிருந்தான். தண்ணீர் சிவந்திருந்ததை இவளும் பார்த்தாள், துரு என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு வந்த பெயர் 'தேத்தண்ணி மழை'. கடைக்குப் போனாலும் அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் போய் நிற்கும்.

இந்தச் சித்திரையில் மாரியம்மன் கோயில் தேருக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவள் கோயில் கமிட்டியின் முன்னால் போய் நின்றாள். கமிட்டிக்கும் தொழிற்சங்கத்துக்கும் நல்லமுத்துதான் தலைவர்.

"தலைவரே, தேர ஒரு மணிக்கு எறக்காதீங்க. காலையில ஏழு மணிக்கே எறக்கிருங்க. நாளன்னைக்கு ஒண்ணரை மணிவாக்குல ஆலங்கட்டி விழும்."

"தேத்தண்ணிக் கட்டியா?" என்றார் ஒருவர். கமிட்டி வயிறு குலுங்கச் சிரித்தது.

பிரேமினிக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. "நாலு நாளாப் பாக்குறேன். காலையில வானம் தொடைச்சு வச்ச மாதிரி இருக்கு. பத்து மணிக்கு மேல பள்ளத்துலேருந்து காத்து ஏறுது. உச்சிக்குள்ள மலைக்கு மேல மேகம் குமிஞ்சு நிக்கிது. முந்தாநாள் மூணரைக்கு இடி. நேத்து மூணு மணி. இன்னைக்கு ரெண்டரைக்கு நாலஞ்சு கட்டியே விழுந்துச்சு, ஆபீஸ் வாசல்ல பொறுக்கினேன்."

நல்லமுத்து சிரிக்கவில்லை. அவர் வீட்டில் மிளகாய் காயப்போடுவதே இவள் குரலைக் கேட்டுத்தான். இருந்தாலும் தலைவர் தலைவர்தானே.

"சரி புள்ள, ஏழு மணி. ஆனா ஒண்ணு. எங்கப்பா காலத்து நேரத்த ஒன் பேச்சுக்காக மாத்துறேன். மழ வரல்லன்னா அந்த வானிலக் கதைய அன்னைக்கோட நிறுத்திரணும். சம்மதமா?"

"நிறுத்திர்றேன்" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று உறைத்தது. அந்தக் காலைக் குரலை விட்டால் அவளிடம் வேறென்ன இருக்கிறது, பலகையில் எழுதும் ஓர் எண்தானே?

தேரன்று காலை ஏழு மணிக்கு, வண்ணக் காகிதமும் மின்விளக்குமாக டிராக்டரில் கட்டிய தேர் இறங்கியது. பின்னால் ஜெனரேட்டர், மைக் செட், தப்பு மேளம், காவடி, நானூறு சனம். வானம் அவள் சொன்னபடியே பளிச்சென்று இருந்தது. அதுவே சிலருக்குக் கேலியாகவும் போயிற்று.

மழையை அவள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தாள். கோட்டை விட்டது அர்ச்சனைத் தட்டில். தட்டு நீட்டிய வீட்டைத் தேர் தாண்டிப் போகக் கூடாது, நின்று அர்ச்சனை வாங்க வேண்டும். லயத்துக்கு இத்தனை ஒற்றை அறைக் காம்பிரா, காம்பிராவுக்கு மூன்று நிமிடம், பன்னிரண்டரைக்குத் தேர் கோயிலில் என்று கொப்பியில் எழுதியிருந்தாள். காம்பிராவை எண்ணியவள் அடுப்பை எண்ணவில்லை. ஒரே காம்பிராவில் நடுவே பலகை அடித்து, அண்ணன் இந்தப் பக்கமும் தம்பி அந்தப் பக்கமும் குடியிருந்தால் அடுப்பு இரண்டு. அடுப்பு இரண்டென்றால் தட்டும் இரண்டு. அவளே அப்படிப்பட்ட பாதிக் காம்பிராவில் பிறந்து வளர்ந்தவள்! இதுகூடத் தோன்றவில்லையே என்று நடு ரோட்டில் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒன்றேகாலுக்குத் தேர், கொழுந்து நிறுக்கும் பெரிய தகரக் கொட்டகையான மடுவத்தடியில்தான் நின்றது. பணிய லயம் முழுவதும் பாக்கி. அங்கே இறங்கும் ரோட்டில் இரண்டு பக்கமும் தேயிலை, ஒதுங்க ஒரு கூரை கிடையாது. மலைக்கு மேலே மேகம் கறுத்து, அடிப்பக்கம் பச்சை பாய்ந்திருந்தது. அந்தப் பச்சையை அவள் கொப்பியில் இரண்டே தடவைதான் எழுதியிருக்கிறாள். இரண்டு தடவையும் கட்டி விழுந்தது.

"தலைவரே, தேர மடுவத்துக்குள்ள விடுங்க. இப்பவே."

"பணிய லயத்துல தட்டோட நிக்கிறாங்க, புள்ள. தேர் வராத லயம்னு பேரு வாங்கவா? என் வீடும் அங்கதான் இருக்கு."

"எங்கம்மாவும் அங்கதான் நிக்கிறாங்க. பாதி ரோட்டுல கட்டி விழுந்தா இத்தன புள்ளைங்கள எங்க ஒதுக்குவீங்க? தேருல கரண்டு வயரு வேற."

அவர் வானத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். மைக்கை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, டிராக்டர்காரரிடம் "உள்ள விடுப்பா" என்றார்.

மலைக்கு மலை எதிரொலிக்கப் பிரேமினி பேசினாள். தினமும் காலையில் பேசும் அதே குரல்தான். "பணிய லயத்து சனங்களே, தேர் அங்க வரல்ல. கோவிச்சுக்காதீங்க. தட்ட எடுத்துக்கிட்டு நீங்க மடுவத்துக்கு வாங்க. குறுக்குப் பாதையில ஏறுங்க. இருவது நிமிசத்துல ஆலங்கட்டி விழும். அம்மன் இங்க ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

கீழே அசைவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. தேரோடு வந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பிறகு தேயிலைக்கு நடுவே முதல் தட்டு தெரிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவள் சண்முகவடிவு, பிரேமினியின் அம்மா. அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாக மொத்த லயமும் ஏறி வந்தது.

"எம் மக வரச் சொன்னா, வந்தாச்சு" என்று மூச்சு வாங்கச் சொன்னாள் சண்முகவடிவு. "மழ மட்டும் பெய்யாம இருக்கட்டும், அவளுக்கு இன்னைக்கு வீட்டுல சோறு கெடையாது."

கடைசி ஆள் உள்ளே வந்து தட்டை இறக்குவதற்குள் தகரத்தில் ஒன்று விழுந்தது. பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. நெல்லிக்காய் பருமனில் கட்டிகள் ரோட்டில் விழுந்து துள்ளின. பணிய லயத்து ரோடு கண் முன்னாலேயே வெளுத்துப்போனது. பிள்ளைகளைத் தாய்மார் இழுத்து அணைத்துக்கொண்டார்கள். இரைச்சலில் தப்புச் சத்தமும் அமுங்கிவிட்டது. காகிதத் தேரில் ஒரு பூகூட நனையவில்லை.

பிரேமினி தூணில் சாய்ந்து நின்றாள். பெருமையாக இருந்தது, அப்படி ஒரு பெருமை. யாரிடமும் மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கட்டி ஓய்ந்து மழை மட்டும் கொட்டும்போது, நல்லமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். மடுவம் முழுவதும் கேட்கும்படி கேட்டார்.

"எப்ப விடும், பிரேமினி?"

தப்பு நின்றது. பேச்சு நின்றது. அர்ச்சனை செய்துகொண்டிருந்த பூசாரியும் திரும்பிப் பார்த்தார். அவள் வெளியே கையை நீட்டினாள், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள்.

"அர மணி நேரம். அதுக்குப் பொறகு தூறல்தான்."

"கேட்டீங்கல்ல?" என்றார் தலைவர் கூட்டத்தைப் பார்த்து. "அர மணி நேரமாம். ஒக்காருங்க."

மடுவத்தில் இருந்த அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். வானத்தை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.