தொட்டியைக் கழுவியவள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தென்னை மரத்தடியில் கிடைத்தது. கிடைத்தது என்றால், அல்போன்சா அதை அங்கே குழிதோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தாள், நான் பார்த்துவிட்டேன். இரண்டு காலி பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டுகள்.

"பெரியம்மா, பார்த்தது பார்த்துட்டீக. இதைக் கதையாக்கிப்புடாதீக" என்றாள்.

ஆக்கிவிட்டேன். மன்னித்துக்கொள், மகளே.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சித்தையன்கோட்டையைத் தாண்டி, பதினோரு வீட்டார் ஒன்றுகூடி, மேற்படி இடத்தில்...'

[மனு எழுதுவது போல இருக்கிறது. நிறுத்திவிட்டேன்.]

பிறகு: 'மாட்டுக்கு இருப்பதுபோல மண்ணுக்கும் ஒரு வயிறு...'

[எழுதியது அழகாக இருக்கிறது என்று எனக்கே தோன்றினால் அடித்துவிடுவேன்.]

நேராகவே சொல்கிறேன். எங்கள் தெருவில் பதினோரு வீட்டுக்கும் சேர்த்து ஒரு கோபர் கேஸ் உண்டு. வீடுவீடாகப் பேசிக் கட்டவைத்தவள் அல்போன்சா. கலவைத் தொட்டியில் சாணத்தைக் கரைத்துவிட்டால் குழாய் வழியாகக் கிணறு போன்ற குழிக்குள் போய்விடும். குழியின் மேலே கவிழ்த்த இரும்பு டிரம். கேஸ் சேரச் சேர டிரம் எழும்பும். காலையில் பல் விளக்கிக்கொண்டே எல்லோரும் அதைத்தான் பார்ப்போம். எழும்பியிருந்தால் இட்லி. இல்லையென்றால் பழைய சோறு.

3

கண்ணம்மாளை எப்படி எழுதுவது?

[பெயரை மாற்றியிருக்கிறேன். அவளுடைய பசுவின் பெயரை மாற்றத்தான் மனம் வரவில்லை. மல்லி. தெருவில் அந்தப் பெயரில் ஒரே மாடுதான். ஆக, மாற்றியும் பயனில்லை.]

தீபாவளிக்குத் தன் வீட்டைக் கழுவியவள், யாரும் சொல்லாமலே கலவைத் தொட்டியையும் கழுவினாள். இரண்டு பாக்கெட் பவுடரைக் கொட்டி, விளக்குமாற்றால் தேய்த்து, அந்தத் தண்ணீரை அப்படியே குழாய்க்குள் தள்ளிவிட்டாள். தன் அடுப்படி போல நினைத்துத்தான் செய்தாள். சாணத்தைக் கேஸாக்கும் பொடி உயிர்கள் உள்ளே இருப்பதும், பவுடர் அவற்றைக் கொன்றுவிடும் என்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரே வாரத்தில் டிரம் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

தெரு கூடியபோது எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியவள் அவள்தான்.

"எவ கை பட்டுச்சோ, அவ கைக்கு ஒரு வாய்ச் சோறு எட்டாமப் போகணும்!"

"விடுங்கக்கா, குளுருக்கு இப்படி ஆகும்" என்றாள் அல்போன்சா. அது பொய். தொட்டிக்குப் பின்னால் பொறுக்கிய பாக்கெட்டுகள் அப்போது அவள் கூடைக்குள் இருந்தன.

ஒரு மாதம் பதினோரு வீட்டிலும் விறகுப் புகை. அல்போன்சாவை ஏசாத வாய் இல்லை. ஆத்தூரில் நன்றாக ஓடும் ஒரு கோபர் கேஸிலிருந்து பத்துக் குடம் கரைசல் வாங்கி வந்து, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல ஊற்றினாள்.

[இங்கே அவள் அழுததாக எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. தலைவலி என்று சுக்குக் காப்பி கேட்டாள்.]

மார்கழி பாதியில் டிரம் ஒரு சாண் எழும்பியது.

4

முடிவுக்கு வருவோம்.

சொல்லாமலே விட்டுவிடலாம். ஆனால் நாளைக்குப் போகி. காலையில்தான் கண்ணம்மாள் சொன்னாள்: "தொட்டி என்னக்கா இப்படி வழுக்குது? போகிக்குப் பளிச்சுன்னு ஆக்கிப்புடுறேன்."

கழுவாதே என்று மட்டும் சொன்னால் போதாதா என்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். "ஏன்?" என்றாள்.

அல்லது உள்ளதைச் சொல்லிவிடலாம். சொன்னால், தன் வாயால் விட்ட சாபத்தோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பிறகு அவள் கை சோற்றைத் தொடும்போதெல்லாம்...

[இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

5

இன்று சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெயர்களையெல்லாம் விட்டுவிட்டு வாசித்தேன்: 'ஒருத்தி நல்லது என்று நினைத்து ஒரு காரியம் செய்தாள். அது தெருவுக்கே கெடுதலாக முடிந்தது. அவளுக்கு அது தெரியாது.'

மொச்சை உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அட பாவமே. யாரும் அவகிட்டச் சொல்லலையா?"

"மனசு ஒடிஞ்சு போவாளேன்னு பயம்."

"ஒடிஞ்சா ஒடியட்டுமேக்கா. பக்கத்துல நாலு பேரு உக்காந்தா ஒட்டிக்கிரும். சொல்லலைன்னா மறுபடி செய்வாள்ல?"

"ஒருத்தி அவளைச் சபிச்சுமிருக்கா, கண்ணம்மா."

"எந்தச் சிறுக்கி அவ? தெரியாமச் செஞ்சவளுக்குச் சாபம் பலிக்காதுன்னு எழுதுங்க. நல்லா அழுத்தி எழுதுங்க."

எழுதினேன். அவள் கண்ணெதிரே, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.

"ம், சரி. அவ என்னதான் செஞ்சா?" என்று அடுத்த மொச்சையை எடுத்தாள்.

தெருவில் போன அல்போன்சாவைக் கூப்பிட்டு, கண்ணம்மாளுக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொன்னேன். இந்தப் பக்கம் நான் இருக்கிறேன். இதுவரை கூடவே வந்த நீங்களும் செத்த நேரம் இப்படி வந்து உட்காருங்கள். அவள் கேட்டது மூன்றாம் பகுதியில் இருக்கிறது, 'தீபாவளிக்கு' என்று தொடங்கும் இடத்தில். எனக்கு வாய் வரவில்லை.

நீங்களே வாசியுங்கள். கொஞ்சம் மெதுவாக.