பின்வாங்க மாட்டேன் என்றவன்

விட்டுக்கொடுத்து ஒதுங்குவதற்கு ஜப்பானில் ‘ஹிகிசாகாரு’ என்றொரு வினைச்சொல் உண்டு. அதைக் கற்ற செவ்வாய்க்கிழமை முதல், லோகேந்திரா அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பாய் நீளம் பின்னால் போனான். சுவர் குறுக்கிட்டால் சுவர் வழியாகப் போனான். எங்கள் ஊர் மீன் ஆலையில் வேலை பார்த்த நேபாளி அவன். மார்ச் மாதம் அவன் மனைவி சிஹாயா இறந்தாள். நாற்பத்தொன்பதாம் நாள் அஸ்தியைக் குடும்பக் கல்லறையில் வைப்பது எங்கள் வழக்கம். மாமனார் முராசே நேரம்கூடக் குறித்துவிட்டார். கலசம் தன்னிடமே இருக்க வேண்டும் என்பது இவன் ஆசை. பெரியவரிடம் மரியாதை கெடாமல் ‘பின்வாங்க மாட்டேன்’ என்று சொல்லத்தான், ஊர்க்கூடத்தில் பாடம் நடத்தும் குவபாரா அம்மாவிடம் அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கினான்.

“மாட்டேன்னும் சேத்துத்தானே சொல்றீங்க? அப்புறம் ஏன் பின்னால போறீங்க?” என்றார் அவர்.

“வாய்க்கு வந்துடுச்சு டீச்சர். காலுக்கு இன்னும் பாஷை வரல.”

வீட்டில் பயிற்சி செய்து, மூன்று முறை பக்கத்து வீட்டு இனாகாகி அம்மாளின் சமையலறையில் போய் நின்றான். பாத்திரம் கழுவாமல் கிடப்பதற்கு அவர்தான் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் இவன் மன்னிப்பாக இனிப்புப் பெட்டி கொடுத்தான். பதிலுக்கு அவர் ஆரஞ்சு கொடுத்தார். அதற்கு இவன் பிஸ்கட் கொடுத்தான். ஏப்ரல் முடிவதற்குள் இரண்டு வீட்டிலும் தின்ன ஆளில்லை. சுவரைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை. அப்படிக் கேட்பது நாகரிகமில்லை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள்.

நாற்பத்தொன்பதாம் நாள், முராசே வீட்டில் துறவி ஓதி முடித்ததும், வெள்ளைத் துணி சுற்றிய கலசத்தை மடியில் வைத்தபடி மாமனாரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னான். ஒரு பாய் பின்னால் போனான். குரலை உயர்த்தாமல் மறுபடி சொன்னான். கதவு, தோட்டம், தபால் நிலையம் எல்லாம் கடந்தன. கலசமும் கூடவே போயிற்று. முராசே துரத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் விருந்தாளி கண்ணுக்கு மறையும்வரை வாசலில் நின்று தலைவணங்க வேண்டும். இவனும் முதுகைக் காட்டாமல் போகிறவன் என்பதால் பதிலுக்கு வணங்கிக்கொண்டே போனான். சாயங்காலம்வரை ஆயிற்று.

துறைமுகத்துக்கு மேலே உள்ள மேட்டில் தொண்டை வற்றி நின்றான். அங்கேயே வீடு பிடித்தான். அதற்கப்புறம் பஸ் கம்பெனி அங்கே ஒரு நிறுத்தம் வைத்தது. மாதாமாதம், மகள் இறந்த தேதியில், முராசே வந்து ஊதுபத்தி ஏற்றுகிறார்.

“ஜெயிச்சுட்டதா நெனப்பா, மாப்பிள்ளை?”

“எங்க ஜெயிச்சேன் மாமா? ஆறு கிலோமீட்டர் பின்னால வந்திருக்கேன்.”

“ஏறி வர்றது என் முட்டிதான்.”

பிறகு அவர் கலசத்தை இரு கைகளாலும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். தேநீர் ஆறும்வரை வைத்திருப்பார். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவார்.