வட்ட வானவில்

முதலில் ஒரு புள்ளி. நீல வானத்தில் யாரோ பேனா முனையை வைத்து எடுத்தாற்போல. கொஞ்ச நேரத்தில் அதன் பக்கத்தில் இன்னொரு புள்ளி.

பெரிய புள்ளியில் விமானத்திலிருந்து குதித்த இரண்டு பேர். பயிற்சியாளரும், அவர் நெஞ்சோடு சேர்த்து வார்ப்பட்டையால் கட்டப்பட்ட வாடிக்கையாளரும். சின்னப் புள்ளியில் ஒருத்தி மட்டும். தலைக்கவசத்தில் கேமராவோடு, அவர்களைச் சுற்றி விழுந்துகொண்டே படம் எடுப்பவள். பெயர் ஆவுடை.

கீழே கொட்டகை வாசலில், நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவன் அவள் புருஷன் சீனிராஜ்.

மேலே அவள். கீழே அவன்.

வெயில் கண்ணைக் குத்தும். இருந்தாலும் பார்ப்பான். பார்க்காமல் இருக்க முடிந்தால் அவனுக்கு ஏன் இந்தப் பாடு?

&nbsp;

அந்தச் சின்னப் புள்ளி பதினோரு வருஷம் அவனாக இருந்தது.

கரிசல் காட்டு நடுவே, எப்போதோ போட்டுக் கைவிட்ட ஓடுதளம். சுற்றிலும் பருத்தி, கம்பு, சூரியகாந்தி. சனி ஞாயிறுகளில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். வானத்திலிருந்து குதிப்பார்கள். குதித்ததை நாலு பேருக்குக் காட்ட அவர்களுக்கு வீடியோ வேண்டும். மேலே போய் எடுப்பதும், கீழே வந்து வெட்டி ஒட்டிக் கொடுப்பதும் சீனிராஜின் வேலை.

ஆவுடை அப்போது பாராசூட் மடிக்கிறவள். துணிக்கடையில் சேலை மடிக்கிற மாதிரி அத்தனை நறுவிசாக மடிப்பாள். மடித்தவளுக்குக் குதிக்க ஆசை வந்தது. குதித்தவளுக்குப் படம் எடுக்க ஆசை வந்தது. இருநூறு தடவை குதித்தவர் தலையில்தான் கேமரா மாட்ட விடுவார்கள். குதித்து முடித்தாள். அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அவள் தனக்குக் கீழே இருந்தவரைக்கும்.

&nbsp;

சளி பிடித்தால் குதிக்கக் கூடாது. இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிவிடுகிற விதி அது. அடைத்த மூக்கோடு அந்த வேகத்தில் இறங்கினால் காது தாங்காது.

ஒரு தை மாத ஞாயிறு. மாசு மரு இல்லாத வானம். சீனிராஜுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு ஒரு நா நான் போறேங்க," என்றாள் ஆவுடை.

அவன் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு விமானத்தில் ஏறினான். வானத்தை ஒரு நாளைக்குக்கூட அவளுக்கு விட மனசில்லை. அதுதான் உண்மை, வேறு காரணம் சொன்னால் நம்பாதீர்கள்.

காது கிழிந்தது. உள்ளே என்னவோ உடைந்தது. இன்றைக்கும் இடது காதில் ஓயாத ஒரு விசில். சட்டென்று திரும்பினால் தரை சுழலும். இனிமேல் தரையிலேயே இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர்.

ஒரு நாளைக்குக் கொடுக்க மாட்டேன் என்றான். எல்லா நாளும் அவளுக்குப் போனது.

&nbsp;

மேலே அவள். கீழே அவன். நடுவில் ஒரு சின்ன மெமரி கார்டு.

அவள் இறங்கியதும் அதைக் கழற்றி அவன் கையில் வைப்பாள். அவன் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவான். திரையில் வானம் திறக்கும். விமானத்தின் கதவு. காற்றில் சதை அலைகிற கன்னங்கள். பிறகு பாராசூட் விரியும், பயிற்சியாளரும் வாடிக்கையாளரும் மேலே பிடுங்கப்பட்டதுபோல் போவார்கள். அவள் மட்டும் விழுந்துகொண்டே இருப்பாள்.

விழும்போது இரண்டு கையும் காற்றைப் பிடித்திருக்க வேண்டும். அதனால் புகைப்படம் எடுக்கிற சுவிட்ச் வாய்க்குள் இருக்கும். பல்லால் கடித்தால் படம் விழும். பதினோரு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? வீடியோவைப் பார்த்துக்கொண்டே சீனிராஜ் வெறும் பல்லைக் கடிப்பான். இதோ, இந்த இடம்.

பிறகு அவள் எடுத்த புகைப்படங்களைத் திறப்பான். அவள் அவனுக்கு முன்பே கடித்திருப்பாள்.

அவன் கடித்தது சிரித்த முகத்தை. அவள் கடித்தது, பயம் விட்டுப்போய்ச் சிரிப்பு இன்னும் வந்து சேராத முகத்தை. எப்படித் தெரிகிறது இவளுக்கு? எப்போதும் ஓர் இமைப்பொழுது முன்னால். எப்போதும் சரியாக.

பொறாமைக்குக் கண் இல்லை என்கிறார்கள். யார் சொன்னது? சீனிராஜ் பார்த்ததுபோல் அவள் படங்களை இந்த உலகத்தில் ஒருவரும் பார்த்ததில்லை.

&nbsp;

வாடிக்கையாளர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு அவளைத் தேடிப் போவார்கள். "அக்கா, என்னமா எடுத்திருக்கீங்க." வெட்டி ஒட்டினவன் பக்கத்திலேயே நிற்பான். அவனிடம் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள்.

வெட்டுகிறவன் எதை எடுத்துப் போட்டான் என்று யாருக்கும் தெரியாது. அவன் அதைப் பழகிக்கொண்டான். நன்றாக இருந்ததை வீடியோவில் வைத்தான். ரொம்ப நன்றாக இருந்ததை எடுத்துவிட்டான். அழிக்க மட்டும் கை வரவில்லை. தனியே ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்து, ஆள் இல்லாதபோது திறந்து பார்ப்பான், களவு நகையைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்க்கிறவர்களைப்போல.

ஆவுடை எதையும் கேட்டதில்லை. "நான் நேர்ல பாத்ததுதானங்க. நீங்க வெட்டுனாச் சரியாத்தான் இருக்கும்," என்பாள். அவன் சொல்லி அவள் நம்பாமல் இருந்ததே இல்லை.

&nbsp;

ஐப்பசி. இரவெல்லாம் பெய்துவிட்டு ஓய்ந்த காலை. காட்டுக்கு மேலே தாழ்வாக, ஒரே வெள்ளையாக மேகம். அதற்கு மேலே கழுவித் துடைத்த வெயில்.

அன்று குதித்தவர் சிவகாசிப் பட்டாசுக் கடைக்காரர். தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு வந்திருந்தார். வெடிச் சத்தத்துக்கு அசையாத மனிதர், விமானத்தின் கதவைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆவுடை இறங்கியதும் பாராசூட்டை அள்ளிச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அப்படி ஓடி வருகிற ஆள் இல்லை அவள். முகமெல்லாம் ஈரம்.

"ஏங்க, மேகத்து மேல ஒரு வட்டங்க. வானவில்லு கணக்கா, ஆனா முழு வட்டம். நடுவுல என் நெழலு. ஒரு நொடி அவர விட்டுட்டு அங்கிட்டுத் திரும்பிட்டேன். தப்புத்தான். கேமராவுல விழுந்திருக்கான்னு பாருங்களேன்."

சீனிராஜுக்கு அது என்னவென்று தெரியும். சூரியன் முதுகுப் பக்கமும் மேகம் காலடியிலும் அமைந்தால் அப்படி ஒரு வட்டம் உண்டு. விமானிகள் சொல்லிக் கேட்டிருக்கிறான். அதன் நடுவில் விழுகிற நிழல் யார் பார்க்கிறாரோ அவருடையது. எத்தனை பேர் சேர்ந்து விழுந்தாலும், பார்க்கிறவருக்கு அவர் நிழல்தான் நடுவில்.

பதினோரு வருஷத்தில் அவன் அதைக் கண்டதில்லை. வாடிக்கையாளரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது விதி. அவன் ஒருநாளும் எடுத்ததில்லை.

&nbsp;

கதவைச் சாத்தினான். கார்டைச் செருகினான்.

இருந்தது.

வெள்ளை மேகத்தின்மேல் முழு வட்டம். வெளியே சிவப்பு, உள்ளே நீலம், நடுவே கையை விரித்த ஒரு சின்னக் கறுப்பு உருவம். பட்டாசுக் கடைக்காரரின் நிழல் எங்கோ ஓரத்தில். வட்டம் அப்படியே இருக்க, உருவம் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. வளர்ந்து, வளர்ந்து, சட்டென்று கேமரா திரும்பிவிட்டது. மறுபடி பட்டாசுக் கடைக்காரர்.

அவன் திரும்பத் திரும்பப் போட்டான். அழகாக இருந்தது. அழகாக இருந்ததால்தான் வயிறு எரிந்தது. சுமாராக இருந்திருந்தால் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்திருப்பான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தான். ஆவுடை தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றாள்.

"விழுந்திருக்கா?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

"கண்ணு திரும்பியிருக்கு, தல திரும்பல. வெறும் வெள்ளதான் இருக்கு."

சோற்றுக்குள் முழுப் பூசணிக்காயை மறைக்க முடியாது என்பார்கள். பரிமாறுகிறவனே மறைத்தால் முடியும்.

அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். "திரும்பினேன்னுல்ல நெனச்சேன்," என்றாள். நம்பிவிட்டாள்.

&nbsp;

தலையில் கேமரா மாட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு சொத்து உண்டு. கண் போகும் இடத்துக்குத் தலை போகும் என்ற நம்பிக்கை. பார்த்தது விழும் என்ற நம்பிக்கை. அவன் கை வைத்தது அதில்.

அதற்குப் பிறகு அவள் கழுத்து விறைத்துப்போனது. படத்தில் தெரிந்தது. பார்த்தாள், சந்தேகப்பட்டாள், மறுபடி திரும்பினாள். முகங்கள் நழுவின. ஒருநாள் சீனிராஜ் வெறும் பல்லைக் கடித்தான், பிறகு அவள் படத்தைத் திறந்தான். அவள் அவனுக்குப் பின்னால் கடித்திருந்தாள்.

முதல் தடவையாக.

சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு ராத்திரி ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். மறுநாள் காலையில் அந்தச் சந்தோஷத்தைத் தேடினான், காணவில்லை.

&nbsp;

கார்த்திகை. விடாத மழை. விமானம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஓடுதளத்தில் தண்ணீர் கட்டி, தவளைகள் கத்தின.

இந்தக் குதிக்கிற முகாமை நடத்துகிறவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். துபாய்ப் பக்கம் ஒரு பெரிய முகாமில் வானத்தில் படம் எடுக்க ஆள் கேட்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். ஆவுடை பெயரைக் கொடுத்திருந்தார். அவள் எடுத்ததில் நல்லதாக மூன்று நிமிஷம் வெட்டி அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டிய முகவரி சீனிராஜின் போனுக்கு வந்திருந்தது. கேப்டன் அவனிடம்தான் சொல்லியிருந்தார். வெட்டுகிறவன் அவன்தானே.

அவன் உட்கார்ந்திருந்தான். எதையும் வெட்டவில்லை.

மத்தியானம் அவள் நனைந்துகொண்டே வந்தாள். முந்தானையால் தலையைத் துவட்டினாள்.

"அனுப்ப வேண்டாங்க."

"ஏன்?"

"கண்ணு ஒரு பக்கம் தல ஒரு பக்கம் போற ஆளு அங்க போயி என்ன பண்ண? கேமராவ வேற யாருக்காச்சும் குடுங்கன்னு கேப்டன்ட்டச் சொல்லப் போறேன். நான் பழையபடி மடிச்சுக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். அண்ணாந்து மழையைப் பார்த்தாள், மழைக்கும் மேலே பார்த்தாள்.

சீனிராஜுக்கு அந்தப் பார்வை தெரியும். கீழே விடப்பட்டவர்களின் பார்வை. தன் முகத்தில் அது இருக்கிறது என்று தெரியும், கண்ணாடியில் பார்த்ததுண்டு. இன்னொரு முகத்தில் பார்த்ததில்லை.

வைக்கோற்போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. அந்த நாய்க்கு அதில் என்ன சுகம் கிடைக்கும் என்று யாரும் கேட்டதில்லை. சீனிராஜைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஒன்றும் கிடைக்காது.

&nbsp;

"ஆவுடை. இங்க வா."

வந்தாள். அவன் ஃபோல்டரைத் திறந்தான்.

வெள்ளை மேகம். முழு வட்டம். நடுவே கையை விரித்து அவள்.

தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவள் நின்றபடி பார்த்தாள். உருவம் வளர்ந்தது. கேமரா திரும்பியது. முடிந்தது.

"விழுந்துதான் இருந்துச்சு," என்றான். "நான்தான் இல்லன்னேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன்?"

காதுதான் காரணம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவளும் நம்பியிருப்பாள், பாவம் என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

"காது நல்லா இருந்தப்பவும் எனக்கு இது வரல," என்றான்.



"எந்திரிங்க," என்றாள்.

எழுந்தான். அவன் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் திறந்தாள். அவன் ஒளித்து வைத்த முகங்கள் எல்லாம் வந்தன. பயம் போய்ச் சிரிப்பு வராத முகங்கள். பாராசூட் விரிகிற கணங்கள். அவள் இதுவரை பார்த்தே இராத அவள்.

அவன் பின்னால் நின்றான். அவளுடைய பிடரி மட்டும் தெரிந்தது. அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அவளே வெட்டத் தொடங்கினாள். கை பழகவில்லை, மவுஸ் தடுமாறியது. அவன் உதவட்டுமா என்று கேட்கவில்லை, அவளும் கூப்பிடவில்லை. அவன் வெட்டியிருக்கக்கூடிய இடத்தைத் தாண்டி, ஒரு மூச்சு விட்டு, வெட்டினாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. பாவி, இதுவுமா என்று நினைத்தான். அப்போதும் வயிறு எரிந்தது. திருந்திவிட்டால் எரியாது என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

&nbsp;

மழை விட்டபோது வேலை முடிந்திருந்தது. கதவிடுக்கில் மஞ்சளாக ஒரு வெளிச்சம்.

"எங்க அனுப்பணும்? சொல்லுங்க."

போனை எடுத்தான். நீளமான இங்கிலீஷ் முகவரி. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான், அவள் ஒற்றை விரலால் அடித்தாள்.

ஓர் எழுத்தை மாற்றிச் சொன்னால் போதும். எங்கேயும் போய்ச் சேராது. ஒரு வாரம் பார்ப்பாள், பத்து நாள் பார்ப்பாள், நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று விட்டுவிடுவாள். அவள் இங்கேயே இருப்பாள்.

அவன் நிறுத்தி நிறுத்திப் படித்தான். வயிறு எரிய எரிய, ஓர் எழுத்தும் பிசகாமல், கடைசிவரை படித்தான்.

அவள் உடனே அனுப்பவில்லை. திரும்பி அவனைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"போன இப்பிடிக் குடுங்க."

வாங்கி, திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதன் பிறகே அனுப்பினாள்.