பச்சையும் பழுப்பும்

அண்ணனைத் தோற்கடிக்கும் வழி தங்கச்சிக்குப் பிடிபட்டது ஒரு மத்தியானம், அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

அண்ணன் கார் பட்டறையில் பெயின்டர். டீ இடைவேளையில் இருவரும் போனில் நிறம் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஆடுவார்கள். ஒருவர் நாலு கட்டத்தில் நாலு நிறங்களை ஒளித்துவைக்க வேண்டும். மற்றவர் எட்டு முயற்சிக்குள் அந்த வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு மாதமாக ஜெயித்தது அண்ணன்தான். "ஏய் வாலு, நிறத்துல என்கிட்டயே மோதுறியா?" என்று கிண்டல் வேறு.

அன்று அவனிடமிருந்து செய்தி வந்தது: "பச்சைதான் போட்டேன், தப்புன்னு காட்டுது." அவன் போட்டிருந்தது பழுப்பு. மறுநாளும் அதே கதை.

அதற்குப் பிறகு அவள் வேறு நிறத்தைத் தொடவேயில்லை. பச்சை, பழுப்பு, பழுப்பு, பச்சை என்று மாற்றி மாற்றி ஒளித்துவைத்தாள். அண்ணன் தினமும் மண்ணைக் கவ்வினான். "பெயின்டருக்கே பெயின்ட் அடிச்சாச்சு!" என்று குடும்ப வாட்ஸப்பில் போட்டாள். அம்மாகூடச் சிரித்தாள்.

அண்ணன் கண்ணில் ஏதோ கோளாறு என்று மருந்து விற்கிறவளுக்குப் பொறி தட்டாமல் இருக்குமா? தட்டத்தான் செய்தது. கேட்டால் ஆட்டம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டாள். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

ஒருநாள் அண்ணன் கடைக்கே வந்தான். "பச்சைக் கார் கதவுல பழுப்பை அடிச்சிட்டேன். முதலாளி காட்டுக் கத்து கத்திட்டார். கண்ணுக்கு ஏதாவது சொட்டு மருந்து குடு."

அவள் சொட்டு மருந்தை எடுக்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு, அவனைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"பெயின்ட்ல கலக்குற தின்னரோட நெடி கண் நரம்பைப் பாதிச்சிருக்கு," என்றார் டாக்டர். "இனிமே பெயின்ட் பக்கமே போகக்கூடாது. ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருந்தா பார்வை இவ்வளவு போயிருக்காது."

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் சொன்னான், "நல்லவேளை, நீ கூட்டிட்டு வந்தே. இல்லேன்னா சொட்டு மருந்தோட போயிருப்பேன்."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. "எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும்ணா," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "அதான் தினமும் அதே ரெண்டு நிறமா?" என்றான்.

"ஆமாண்ணா."

"என் மூளைதான் மழுங்கிடுச்சுன்னு நெனச்சுப் பயந்துட்டிருந்தேன்டி."

தன் நிறுத்தம் வந்ததும் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

ஒரு வாரம் பேச்சில்லை. பிறகு அவனே கூப்பிட்டான். பட்டறையிலேயே உதிரிபாகம் எடுத்துக்கொடுக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். பார்வை மேலும் மோசமாகவில்லை, ஆனால் பச்சை இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவள் அழுதாள்.

"விடு வாலு. நீ என்ன வேணும்னா செஞ்சே?"

வேணும்னுதான் செய்தாள். அதை அவனிடம் இன்னொரு முறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.